பாதி பிரிந்த தையல்

“போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றார் வந்தவர். “என் கார் சீட்டை யாரோ பிரிச்சுப் போட்டிருக்காங்க. கார் ரோட்டுல நிக்கலை. வீட்டு ஷெட்டுல, பூட்டுக்குள்ள நிக்குது.”

அறுபத்தாறு வயது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, ஒட்ட வெட்டிய நகங்கள். பேசும்போது மட்டும் முகத்தைச் சற்றே ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, எதிரில் இருந்தவரை விட்டுவிட்டு அலமாரிக்குக் கதை சொல்வது போலப் பேசினார்.

எதிரில் இருந்தவரை ஊரில் எல்லாரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தெட்டு வருடம் நசுங்கிய வண்டிகளையும் எரிந்த கிடங்குகளையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவியின் தம்பி. கல்யாணப் போட்டோ எடுப்பது தொழில். கல்யாணம் இல்லாத மாதங்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அத்தான் பின்னால் கிளம்பிவிடுவார்.

“அப்பா வச்சிருந்த கார். இன்ஜின் நல்லா இருக்கு, உள்ளதான் எலி கடிச்சுக் கந்தலாக் கிடந்தது. ரெண்டு வருஷமா நானே செய்யறேன். கூரைத் துணி, கார்பெட், கதவு ரெக்சின், சீட்டு எல்லாம் கைத்தையல். டிரைவர் சீட்டுதான் பாக்கி. புதன்கிழமை காலையில வாக்கிங் போனேன். பாதி வழியில மழை. திரும்பி வந்து ஷெட்டைத் திறந்தா, முந்தின நாள் தைச்ச இடம் பாதி பிரிஞ்சு கிடக்கு.”

“பூட்டு?”

“பூட்டினபடியே இருந்தது. ரெண்டு சாவி. ஒண்ணு என் பாக்கெட்ல. இன்னொண்ணு என் தம்பிகிட்ட. மருந்துக்கடை வச்சிருக்கான். ரெண்டு மாசம் முன்னாடி, இந்த வயசுல ரோட்டுல கார் எதுக்குண்ணேன்னு கேட்டான். அதோட பேச்சு வார்த்தை நின்னுபோச்சு.” அவர் பாக்கெட்டிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை என் பேத்தி வரா. ஆறு வயசு. முன் சீட்டுல உக்கார வச்சு ஒரு சுத்து சுத்தறேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள அவன்தான்னு நிரூபிச்சுக் குடுங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அவர் போனதும் மைத்துனர் சொன்னார்: “அத்தான், ஆளு உங்க கண்ணைப் பார்த்தே பேசலை. இன்சூரன்சுக்காக இவரே பிரிச்சிருந்தா?”

“ரெண்டு முழம் தையலுக்கு எந்தக் கம்பெனிடா பணம் குடுக்கும்?” என்று சர்வேயர் செருப்பை மாட்டினார்.

ஷெட் வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. காருக்குள் புது ரெக்சின் வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து அடித்தன. பழுப்பு நிற இருக்கைகள், நூல் பிடித்தது போன்ற நேரான தையல்கள். மைத்துனர் வாயைப் பிளந்தார்.

“கையால தடவிப் பாருங்க” என்றார் பெரியவர். “தினமும் பத்து மணிக்கு உக்காந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தைப்பேன். மறுநாள் தடவிப் பார்த்துட்டுதான் அடுத்த சாண். முப்பத்தி நாலு வருஷம் சிக்னல் பார்த்த கண்ணு சார்.” பிறகு ஜன்னலைக் காட்டினார். “இந்தக் கம்பியைப் பாருங்க, நடுவுல நெளிஞ்சு கிடக்கு. ஷெட் கட்டின கொத்தனார் வேலை. சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்கறான்.”

சர்வேயர் கம்பிகளைப் பார்த்தார்.

பிறகு பூதக்கண்ணாடியோடு ஓட்டுநர் இருக்கையின் மேல் குனிந்தார். நூல் கத்தியால் அறுக்கப்படவில்லை. ஒவ்வொரு தையலாக ஊசி முனையால் தூக்கிப் பிரிக்கப்பட்டிருந்தது. கீழே கார்பெட்டில் ஒரு நூல் துணுக்குகூட இல்லை. பிரிந்த இடத்தின் ஓட்டைகள் வரிசை தப்பி, எறும்புச் சாரை போல அங்குமிங்கும் அலைந்தன. அதன் பிறகு முடிந்த இருக்கைகளுக்கு நகர்ந்தார். பின் இருக்கையின் கீழ் மடிப்பு வரை கண்ணாடியை விடாமல் நகர்த்தினார். மைத்துனர் தொடர்ந்து படமெடுத்தார்.

“நூல் சீக்கிரம் தீருதா?” என்று சர்வேயர் கேட்டார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க? உருண்டை உருண்டையா வாங்கறேன், கரைஞ்சு போகுது. மெழுகும் அப்படித்தான். அதையும் அவன்தான் திருடறானோ என்னமோ.”

வீட்டுக்குள் பெரியவரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மெல்லிய உருவம். தட்டை வைத்ததும் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். சர்வேயர் தேநீரை விட்டுவிட்டு சோபா உறையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். “நல்ல தையல். கடையில குடுத்ததாம்மா?”

“இல்லைங்க. நான்தான்.”

மருந்துக்கடையில் தம்பி கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார். “ஷெட் சாவியா? அதைப் போன வருஷமே அண்ணிகிட்ட குடுத்தாச்சே. அண்ணிதான் கேட்டு வாங்கினாங்க. அண்ணன் என்மேலதான் சந்தேகப்படறாரா?” அவர் மாத்திரை அட்டையை வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தார். “அன்னைக்கு அவர் ஸ்கூட்டரைக் கேட் தூண்ல மோதினதைப் பார்த்தேன். பயத்துல கேட்டுட்டேன். கேட்டது தப்பாங்க?”

திரும்பும் வழியில் மைத்துனர் கேட்டார்.

“அத்தான், முடிச்சு அவிழ்ந்துடுச்சா?”

“அவிழ்ந்துடுச்சு. இந்த ஒரு ரிப்போர்ட்டை எழுதாம இருந்துடலாம்னு தோணுது.”

“எழுதாட்டி?”

“ஞாயித்துக்கிழமை அந்தக் குழந்தை முன் சீட்டுல உக்காரும்” என்றார் சர்வேயர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷெட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் காரின் இரண்டு பக்கத்தில். பெரியவரின் மனைவி கதவோரம். அத்தான் சொன்னபடி மைத்துனர் காமிராவை மூடி வைத்திருந்தார்.

“இதைப் பிரிச்சவங்க கெடுக்க வரலை” என்று சர்வேயர் தொடங்கினார். “கெடுக்க வந்தவன் கத்தியை ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போயிருப்பான். இவங்க தையல் தையலா எடுத்து, துணுக்கைக்கூடப் பொறுக்கியிருக்காங்க. புதன்கிழமை மழை வந்ததால நீங்க சீக்கிரம் திரும்பிட்டீங்க. வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தா, அது பிரிஞ்சதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஏன் தெரியாது?”

“பிரிச்ச இடத்தைத் திரும்பத் தைச்சிருப்பாங்க. முன்னாடியும் நடந்தது அதுதான். ரெக்சின்ல ஒருதரம் ஊசி போனா ஓட்டை மூடாது. முடிஞ்ச அந்தப் பக்கத்து சீட்டுல நேரான தையல் பக்கத்துலயே வெறும் ஓட்டைங்க வரிசை தப்பி ஓடுது. அதுல பழுப்பு மெழுகு வச்சு அடைச்சிருக்கு. உங்க நூலும் மெழுகும் அங்கதான் போகுது.”

பெரியவர் இருக்கையைத் தடவினார். “என் தையலை எதுக்குத் திரும்பத் தைக்கணும்?”

சர்வேயர் ஓட்டுநர் இருக்கையில் பிரியாத பாதியைக் காட்டினார். “நீங்க நூலைக் கடைசியில முடிச்சுப் போடுவீங்க. பிரிக்காம விட்ட பாதியில அந்த முடிச்சு இருக்கு. பக்கத்து சீட்டுல முடிச்சே இல்லை. மூணு தையல் பின்னால போய் நூலை உள்ள ஒளிச்சிருக்கு. உங்க சோபா உறையிலயும் அப்படித்தான்.”

தம்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் கைகள் அப்போது தலைப்புக்கு வெளியே இருந்தன. விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

“ஏன்?” என்றார் பெரியவர்.

“அந்த ஜன்னல் கம்பி எப்படி இருக்கு சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே, நடுவுல நெளிஞ்சிருக்கு.”

“தம்பி, நீங்க சொல்லுங்க.”

தம்பி அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்: “நேராத்தான்ணே இருக்கு.”

பெரியவர் முகத்தை ஒருபக்கம் திருப்பிக் கம்பிகளைப் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணைக் கையால் மூடினார். கையை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எதையும் நேராப் பார்த்தா நடுவுல மறையுது. அதான் பக்கவாட்டுல பார்க்கறீங்க” என்றார் சர்வேயர் மெதுவாக. “நாளைக்கு ரோட்டுல நடுவுல யார் நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

“உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?” பெரியவர் மனைவியிடம் கேட்டார்.

“ஒரு வருஷமா. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு ஒருதரம் கேட்டேன். மூணு நாள் என்கூடப் பேசலை நீங்க. அப்புறம் கேட்கத் தைரியம் வரலை. கோணலைப் பேத்தி பார்த்துச் சிரிச்சிடுவாளோன்னு சரி பண்ண ஆரம்பிச்சேன். நிறுத்த முடியலை. வண்டி முடிஞ்சா ஓட்டிட்டுக் கிளம்பிடுவீங்களேன்னு தெரியும். அதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியலை.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். காரின் கூரை மேல் வைத்துத் தம்பி பக்கமாகத் தள்ளினார். தம்பி அதைத் தொடாமல், கண் டாக்டரின் எண்ணைத் தேடி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

“இதுல ஒரு தையலாவது என்னோடது இருக்கா?” என்று பெரியவர் கேட்டார்.

“பின் சீட்டு முழுக்க உங்களோடதுதான்” என்றார் மனைவி. “அதை நான் தொடவே இல்லை.”

பெரியவர் முகத்தைத் திருப்பி, பக்கவாட்டுப் பார்வையில் சர்வேயரைப் பிடித்தார். “சார், நீங்கதான் எல்லாத்தையும் கண்ணாடி வச்சுப் பார்த்தீங்க. நிஜமா?”

இருபத்தெட்டு வருடத்தில் சர்வேயர் பார்த்ததற்கு மாறாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

“நிஜம்தான்” என்றார்.

பெரியவர் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அவர் மனைவி மறுபக்கமாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெருமுனை வரை வந்ததும் மைத்துனர் காமிராவைத் திறந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அத்தான், பின் சீட்டுலயும் ஓட்டை ஓட்டையா மெழுகு இருக்கே. ஒரு முடிச்சுகூட இல்லையே.”

“தெரியும்.”

“டாக்டர் பார்த்தா சரியாயிடுமா?”

“மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம்னு சொல்வாங்க. போனது வராது.” சர்வேயர் நின்று கையை நீட்டினார். “அந்தப் படத்தையெல்லாம் எப்படி அழிக்கறதுன்னு காட்டு.”