எழுபத்திரண்டு

குணசேகரனின் நாடி எழுபத்திரண்டில் நின்றுகொண்டிருந்தது. நல்ல நாடிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மதியம் ஃப்ளோரன்ஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதும் எழுபத்திரண்டு, கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் எழுபத்திரண்டு, மே மாதத்து வெயிலில் வெந்துகொண்டிருக்கும் இரும்புக் கன்டெய்னருக்குள் ஐம்பது கிலோ பருப்பு மூட்டையை முதுகில் ஏற்றி இறக்குகிற மனிதனுக்கு எழுபத்திரண்டு. தும்மினால் நாலு கூடும், படியேறினால் இருபது கூடும், பெண்டாட்டி பேரைச் சொன்னால்கூட ரெண்டு கூடும். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். நாடி ஓரிடத்தில் நிற்கிற சாமான் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

எண்ணூர் துறைமுகத்து ரோட்டை ஒட்டிய அந்தச் சரக்கு யார்டில் முதலுதவி அறை என்பதும் ஒரு பழைய கன்டெய்னர்தான். சன்னல் வெட்டி, ஏசி மாட்டி, வெள்ளை அடித்திருந்தார்கள். முன்பு அங்கே இரண்டு நர்சுகள் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் வருவார். டிசம்பரில் பட்டை வந்தது. லோடுமேன்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு கறுப்பு ரப்பர் பட்டை. நாடி, மூச்சு, உடம்புச் சூடு என்று எல்லாவற்றையும் அது மோப்பம் பிடித்துச் சுவரில் இருக்கிற டிவிக்கு அனுப்பும். எவன் உடம்பில் இன்னும் தெம்பு மிச்சமிருக்கிறது என்று பார்த்து அடுத்த லோடை அவன் தலையில் கட்டும். டாக்டரை நிறுத்தினார்கள். இன்னொரு நர்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை முப்பது சதவீதம் கூடிவிட்டது என்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். அதில் ஒரு துண்டு லோடுமேன் எவன் வாய்க்கும் போகவில்லை. ஃப்ளோரன்ஸுக்கு மட்டும் ஒரு சர்க்குலர் வந்தது. டிவியில் பச்சைப் புள்ளி எரிகிற தொழிலாளியைத் தொட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாமாம். ஒரு மனுஷனைத் தொட்டுப் பார்ப்பது வீண் என்று எந்தப் பேமானி உட்கார்ந்து எழுதினானோ.

உடம்பு சரியில்லை என்று மஞ்சள் எரிந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு லோடுமேன்கள் ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தார்கள். ஜுரக்காரன் தன் பட்டையைக் கழற்றித் தருவான். தெம்பாக இருக்கிற தோஸ்து அதைத் தன் பட்டைக்கு மேலே இரண்டாவதாகக் கட்டிக்கொள்வான். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'கை குடுக்கறது'. ஃப்ளோரன்ஸ் கண்டும் காணாமல் இருந்தாள். இரண்டு பேர் வயிற்றுப்பாடு, நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். அவள் புருஷன் சைமனும் அங்கே லோடுமேன்தான். அன்றைக்குக் காலையில்கூட அவன் அறைவாசலில் தலையை மட்டும் நீட்டி, "தோள்பட்ட ஒரு மாதிரியா வலிக்குதுமே" என்றான். அவள் டிவியைப் பார்த்தாள். சைமன், எழுபத்தெட்டு, பச்சை. "பச்சையாத்தான் கீது, போயா. ராத்திரி பரோட்டா துன்னியே, வாய்வு" என்று அனுப்பிவிட்டாள்.

குணசேகரனின் பட்டையும் அப்படி வேறு யார் கையிலாவது இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். யார் கையில் இருந்தாலும் நாடி என்றால் ஆடத்தானே வேண்டும். மைக்கில் அவனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்தான். வியாசர்பாடிக்காரன், வாயைத் திறந்தால் மூடமாட்டான், வாசலில் கால் வைக்கும்போதே யாரையாவது கலாய்த்துக்கொண்டு வருகிற ஆள். அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து நின்றான். அந்த வெயிலிலிருந்து வருகிறவன் சட்டை காய்ந்திருந்தது. நெற்றியில், கழுத்தில், எங்கும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கதவு சாத்தியதும் டெட்டால் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல மேலே வந்தது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாடையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐஸ் போடாமல் விட்ட மீன்.

"இன்னா குணா, ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா கீது சிஸ்டரு."

"சாப்ட்டியா?"

"பசிக்கல சிஸ்டரு. நாலு நாளா பசியே இல்ல."

பேசும்போது அவன் மார்பு ஏறவில்லை. மூக்கு அசையவில்லை. ஃப்ளோரன்ஸ் சர்க்குலரை மனசுக்குள் கிழித்துப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. ஏசியில்தான் அப்படி என்று ஒரு கணம் தன்னையே ஏமாற்றப் பார்த்தாள். விரல்நுனிகள் நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தன. பட்டையின் கொக்கியில் அவள் விரல் பட்டதும் அவன் மெதுவாகச் சொன்னான்.

"கழட்டாத சிஸ்டரு."

"நாடி பாக்கணும்யா. அதுக்குக் கீழதான கீது."

"வேணாம் சிஸ்டரு. நான் வூட்டுக்குப் போவணும்."

அவள் கழற்றிவிட்டாள்.

மயங்கி விழுகிறவன் முதலில் முழங்காலை மடக்குவான், கையை ஊன்றப் பார்ப்பான். குணசேகரன் எதையும் மடக்கவில்லை. நின்ற வாக்கில் அப்படியே முகம் தரையில் அடிக்க விழுந்தான். புரட்டிப் போட்டாள். தாடை இறுகிக் கிடந்தது. பூட்ஸைக் கழற்றினாள். முழங்காலிலிருந்து பாதம் வரை கறுத்து உப்பியிருந்தது. படுத்த நிலையில் செத்தவனுக்கு ரத்தம் முதுகில் இறங்கும். இவனுக்குக் காலில் இறங்கியிருந்தது. இவன் நாள்கணக்காக நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

இரண்டே நிமிஷத்தில் கதவு திறந்தது. மார்ச்சில் ஒருவனுக்கு வலிப்பு வந்தபோது நாற்பது நிமிஷம் கழித்து வந்த எழிலன், யார்டின் வேலைக் கணக்கெல்லாம் பார்க்கிற அதிகாரி, இப்போது ஓடோடி வந்து நின்றான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். பிணத்தைப் பார்த்து அவன் முகம் மாறவேயில்லை.

"பட்டையைக் கழட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனே மேடம்."

"இந்தாளு செத்து மூணு நாளாவுது சார்."

"நாலு நாள். திங்கட்கிழமை காலையில, பதினொன்னே முக்காலுக்கு."

சொல்லிக்கொண்டே குனிந்து, அவள் கையிலிருந்து பட்டையை வாங்கி, குணசேகரனின் மணிக்கட்டில் சுற்றிக் கொக்கியை மாட்டினான். பிறந்த குழந்தைக்குக் கயிறு கட்டுகிற பதவிசு. டிவியில் அந்த வரி மினுக்கியது. எழுபத்திரண்டு. தரையில் கிடந்த உள்ளங்கை மெதுவாக விரிந்து ஊன்றியது. குணசேகரன் எழுந்தான். பூட்ஸை மாட்டினான். மூக்கு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ரத்தம் வரவில்லை.

"வரேன் சிஸ்டரு" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் போனான்.

ஃப்ளோரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மாரி எத்தினி பேரு?"

"அது டேட்டா மேடம், வெளிய சொல்ல முடியாது. வீட்டுக்குப் போறாங்க, வேலைக்கு வர்றாங்க, சம்பளம் போகுது. லீவு கேக்கறதில்ல. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தக் கம்பெனிக்கு லோடுமேன் இருந்தால் மூச்சு வாங்குகிறான், தண்ணீர் கேட்கிறான், மூத்திரம் பெய்யப் போகிறான். இறந்தவன்தான் லாபம்.

"நீயெல்லாம் மனுசனாய்யா? உங்கப்பனுக்குக் கட்டுவியா இத்த?"

"கட்டியிருக்கேன் மேடம்." பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னான். "பிப்ரவரியில இருந்து. சாயங்காலம் சோபாவுல உக்காந்து டிவி பாக்கறாரு. அம்மாவுக்கு அதுவே போதும்னு இருக்கு."

அவன் போனபிறகு அவள் டிவியின் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். எழுபத்திரண்டு. கீழே நாலு பேர் தள்ளி எழுபத்திரண்டு. இன்னொன்று. இன்னும் ஒன்று. பதினான்குவரை எண்ணி நிறுத்தினாள். பிறகு, பார்க்கப் பயந்து பயந்து, சைமனின் வரியைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றேழு. ஆடியது. ஏசுவே, ஆடுது. அவள் அழுதே விட்டாள். இந்த நிமிஷமே அவனை இந்த யார்டைவிட்டு வெளியே இழுத்துப்போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். வேலை போனால் மயிரே போச்சு. காசிமேட்டில் மீன்கூடை சுமந்து பிழைத்துக்கொள்ளலாம்.

செல்போனில் சைமனின் வரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. ஐந்தடுக்குக் கன்டெய்னர்களுக்கு நடுவே சந்து சந்தாகப் போகிற பாதையில் தார் இளகி செருப்பைப் பிடித்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வாடை, சுட்ட இரும்பின் வாடை, அதற்குள் அங்கங்கே அந்த மீன் வாடையும். மதிய நேரத்து யார்டு என்றால் கெட்ட வார்த்தையும் சிரிப்பும் யாரோ ஒருவனின் கானா பாட்டுமாக இரைச்சலில் காது கிழியும். இன்றைக்கு மூட்டை விழும் சத்தம் மட்டும். தொப். தொப். எல்லாம் ஒரே இடைவெளியில். இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? ஏசிக் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள்? ஆட்கள் அவளைக் கடந்து போனார்கள். வேர்வை இல்லை. இவனுக்கும் இல்லை. அவனுக்கும்.

தொண்ணூற்றெட்டு. நூற்றொன்று.

ஏழாவது சந்து. கடைசிக் கன்டெய்னர். வாசலில் ஹுமாயூன் மூட்டையோடு நின்றிருந்தான், சைமனோடு பத்து வருஷமாக ஜோடி போட்டு வேலை செய்கிறவன். வேர்த்து ஊற்றியது. மூச்சு இரைத்தது. அந்த வேர்வையைப் பார்த்து அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள்.

இரண்டு பட்டை.

"சைமன் எங்க?"

"அண்ணன் உள்ள படுத்துகினு கீறாரு சிஸ்டர். மார்ல வலின்னாரு. மஞ்சளு வந்துடும்னு நான்தான் கை குடுத்தேன். ஒரு மணி நேரம் கண்ண மூடுறேன்னாரு."

"எப்ப கட்டிக்கின?"

"காலைல. கேட்டு வாசல்லயே."

காலையில். அப்படியானால் எழுபத்தெட்டு, பச்சை, அது இவன் நாடி. சைமன் வாசலில் தலையை மட்டும் நீட்டினான். கையைக் காட்டவில்லை. அவளும் பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற எவன் கையையோ பிடித்துப் பார்த்தவள், சொந்தப் புருஷன் கையைப் பிடிக்காமல் டிவியைப் பார்த்தாள்.

உள்ளே இருட்டு. சூளை மாதிரி அனல். மூட்டைகளுக்குப் பின்னால் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துச் சைமன் படுத்திருந்தான். உடம்பு சுட்டது. அங்கே இரும்பும்தான் சுட்டது. மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தைத் தொட்டாள். இமையை விலக்கினாள். கண்பாவை அகன்று, விழி உலர்ந்து.

மார்பில் கையை வைத்து அழுத்தினாள். முப்பது. வாயோடு வாய் வைத்து ஊதினாள். இரண்டு. மறுபடி முப்பது. ஒரு விலா எலும்பு அவள் உள்ளங்கைக்கு அடியில் முறிந்தது. "ஆம்புலன்சுக்கு அடி" என்று கத்தினாள். ஹுமாயூன் யார்டு ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்துச் சைமன் பேரைச் சொன்னான். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், தேன் ஒழுக: "சைமன். நிறம் பச்சை. ஆம்புலன்ஸ் தேவையில்லை. தங்கள் நலத்தில் அக்கறையுடன்—" மறுபடி அடித்தான். நிறம் பச்சை. மறுபடி. பச்சை. அவள் அந்தக் குரலைப் பெற்றவளையும் வளர்த்தவனையும் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டுக்கொண்டே அழுத்தினாள். முப்பது. இரண்டு. முப்பது. தோள் செத்துப்போகும்வரை.

பிறகு நிறுத்தினாள்.

ஹுமாயூன் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வெளியே மூட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. அவள் சைமனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நேரம் போனது தெரியவில்லை.

"அத்த குடு" என்றாள்.

"எது சிஸ்டர்?"

"அவரு பட்டைய."

ஹுமாயூன் அவளைப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான். "வேணாம் சிஸ்டர். வேணாம். அண்ணன அடக்கம் பண்ணிடலாம்."

"குடுயா."

குரல் அவளுடையதாக இல்லை. அவன் கழற்றி நீட்டினான். ஈரமாக, இன்னொருவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. அவள் சைமனின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுற்றினாள். கொக்கியை மாட்டினாள். தளர்வாக இருந்தது. ஒரு துளை இறுக்கினாள்.

தரையில் கிடந்த போன் மினுக்கியது. எழுபத்திரண்டு.

சைமன் எழுந்து உட்கார்ந்தான். உள்ளே முறிந்த எலும்பு எங்கோ உரசிச் சத்தம் போட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னாமே, அயுதுகினு கீற?" என்றான். "வலி போச்சு. அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போலாம்."

எழுந்து போய் அடுக்கிலிருந்து ஒரு மூட்டையை உருவி முதுகில் ஏற்றினான். தையல் பிரிந்த மூட்டை. மஞ்சள் பருப்புத் தூசி அவன் தலையில், தோளில், முகத்தில் கொட்டியது. அகலத் திறந்திருந்த கண்களிலும் கொட்டியது. அவன் இமைக்காமல் நின்றான். ஃப்ளோரன்ஸ் கிட்டே போனாள். கைக்குட்டையின் முனையை எச்சிலில் நனைத்து, ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது விழியின்மேல் படிந்த தூசியைத் துடைத்தாள், பிறகு வலது விழியைத் துடைத்தாள். துடைத்து முடிக்கும்வரை அவன் மூட்டையோடு குனிந்து காட்டிக்கொண்டு நின்றான்.