சீப்பின் மோவாயில் கரும்புள்ளி

அந்தச் சலூனில் மூன்று நாற்காலிகள் இருந்தன. இரண்டில் முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள் உட்காருவார்கள். மூன்றாவதில் சீப்பு உட்காரும்.

சீப்பு ஒரு வெள்ளைப் பூனை. பொழுதன்னைக்கும் தன் முடியைத் தானே நக்கி வாரிக்கொள்வதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவள் சலூன்காரரின் மகள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஒன்றை முடியாது என்று முடிவு செய்துவிட்டால் சுத்தமாகவே பேசமாட்டாள். அதனால் வீட்டில் அவளை ‘அழுத்தக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் சீப்பின் மோவாயில் மிளகுப்பொடி தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. தரையில் கிடந்த முடித்தூள் ஒட்டியிருக்கும் என்று அழுத்தக்காரி துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. சில நாளில் புள்ளிகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பருக்களும் எழும்பின.

மோவாய் விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? தெருவில் பாதிப் பேரின் மோவாய் அவர் கை வழியாகத்தான் போகிறது. சவரத்தில் கீறல் பட்டால் என்ன செய்வாரோ அதையே சீப்புக்கும் செய்தார். படிகாரக் கல்லை நனைத்து அதன் மோவாயில் ஒரு தேய் தேய்த்தார்.

சீப்பு துள்ளிப் பாய்ந்து கண்ணாடி மேல் ஏறியது. பவுடர் டப்பா கவிழ்ந்தது. கீழே நாற்காலியில் முடிவெட்டிக்கொள்ளக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் திறந்தபோது, பவுடர் கொட்டித் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. மறுநாள் சீப்பின் மோவாய் சிவந்து போனது.

அதைத்தான் மீசை மாமா பார்த்தார். அவருக்கு அடுத்த தெருவில் தானியக் குடோன் இருந்தது. வாராவாரம் சவரத்துக்கு வருவார். இது தொற்று வியாதி, இந்தக் கடையில் முகம் காட்டினால் நமக்கும் வரும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். வாசல்வரை வந்தவர்கள் சீப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை மீசை மாமா வந்து பூனையைக் குடோனுக்குக் கொண்டுபோகிறாராம். அங்கே எலி நிறைய இருக்கிறதாம்.

“நமக்குத் தொத்தும்னா, அவருக்கு மட்டும் தொத்தாதாப்பா?” என்றாள் அழுத்தக்காரி.

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

“அண்ணனுக்கும் மூஞ்சி பூராப் பருதான். அவனையும் குடோனுக்கு அனுப்பிடலாமா?”

அண்ணன் சட்டென்று கையால் கன்னத்தை மூடிக்கொண்டான். அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். அழுத்தக்காரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். அன்று முழுவதும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் சீப்பைக் கூடையில் வைத்து மூடினாள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தான். இரண்டு பேரும் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் அக்கா சீப்பின் மோவாயை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். படிகாரக் கதையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இது பருதான். பூனைக்கும் வரும். மனுஷனுக்கும் தொத்தாது, இன்னொரு பூனைக்கும் தொத்தாது,” என்றார். பிறகு, “இது எதுல சாப்பிடுது?” என்று கேட்டார்.

அப்பா கழித்துப்போட்ட பழைய சோப்பு நுரைக் கிண்ணம் அது. பிளாஸ்டிக். உள்ளே முழுக்கக் கீறல். கீறலுக்குள் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் தங்கும், மோவாய் அதில் உரசிக்கொண்டே இருந்தால் இப்படி ஆகலாம் என்றார் டாக்டர் அக்கா. எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி, அதைத் தினமும் கழுவ வேண்டும். மெல்லிய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் காலையும் மாலையும் மோவாயில் ஒற்றி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மனுஷருக்கான மருந்து எதையும் தடவக் கூடாது. வீங்கினாலோ சீழ் வைத்தாலோ உடனே தூக்கிவர வேண்டும்.

“முக்கியமா, கிள்ளக் கூடாது,” என்றவர் அண்ணனைப் பார்த்து, “உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்,” என்றார்.

சரியாக எத்தனை நாள் ஆகும் என்று அழுத்தக்காரி கேட்டாள். சில வாரம் ஆகலாம் என்றார். சனிக்கிழமைக்கு அவ்வளவு நாள் இல்லை.

அன்று இரவே அம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தாள். அழுத்தக்காரி டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். ஆனால், “மாமாகிட்ட வாக்கு கொடுத்துட்டேனே,” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மீசை மாமா கையில் ஒரு சாக்கோடு வந்தார். முதலில் சவரம், அப்புறம் பூனை என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். அப்பா நுரை பூசி, புது பிளேடு போட்டு, வலது கன்னத்தை வழித்தார். மீசை மேலும் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது.

அப்போது அழுத்தக்காரி சீப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள். தன் மோவாயைப் பூனையின் மோவாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“தொத்துறதுன்னா முதல்ல எனக்குத் தொத்தட்டும்,” என்றாள். “சீப்பைத் தர மாட்டேன்.”

மீசை மாமாவின் முகத்தில் நுரை இல்லாத பக்கம் சிவந்தது. இது என்ன கடையா, கூத்தா என்றார். ஒன்று பூனை வெளியே போகணும், இல்லை நான் போகணும் என்று எழுந்து நின்றார்.

அப்பா கத்தியோடு அப்படியே நின்றார். அழுத்தக்காரி கண்ணை இமைக்கவே இல்லை. அப்பா அந்தக் கண்ணைப் பார்த்தார்.

“ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு போடுற நான், இதுக்குக் கீறல் விழுந்த கிண்ணத்துல சோறு போட்டிருக்கேன்,” என்றார் அப்பா. “தப்பு என்னோடது. பூனை இங்கதான் இருக்கும். நீங்க போறதுன்னா போகலாம், உங்க இஷ்டம்.”

மீசை மாமா கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். வழியில் கண்ணாடி இருந்தது. அதில் பாதி முகம் பளபளத்தது, பாதி முகம் நுரையில் கிடந்தது. வெளியே தெரு நிறைய ஆட்கள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அப்பா மறு கன்னத்தை மிகப் பொறுமையாக வழித்தார். முடிந்ததும் மீசை மாமா காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். அழுத்தக்காரி, ஒரு கையில் சீப்போடு, மறு கையால் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“அடுத்த வாரம் வாங்க மாமா. சீப்பு இங்கதான் இருக்கும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அடுத்த வாரமும் வந்தார்.