மத்தாப்புப் பெட்டிக்குள் ஒரு செயலி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். பின்னால் நிற்கும் சின்னவளுக்கும் இடம் விடுங்கள். இன்றைக்கு ஒரு கோபக்காரப் பெண்ணின் கதை. அவள் கோபத்தில் நியாயம் உண்டா இல்லையா என்று, கேட்டு முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

விஸ்வநத்தம் என்ற பட்டாசு ஊரில் இசைவாணி என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வாரம் அவளுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எல்லாம் அவள் அண்ணன் முனியராஜால் வந்தது.

முனியராஜ் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டு, டிவிக்கு எதிரே பாய் விரித்துப் படுத்தவன்தான். ஐ.டி.ஐ.யில் சேர விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். எந்தத் தொழில் படிக்க விருப்பம் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

"வயரிங் படிக்கியாலே?" என்று கேட்டார் அப்பா செல்லச்சாமி.

"எதுனாலும் சரிப்பா."

"வெல்டிங்?"

"எதுனாலும் சரிப்பா."

"ஆடு மேய்க்கப் போறியா?"

"எது..."

"வாய மூடு."

அப்பா பட்டாசு ஆலையில் லாரிகளுக்கு லோடு ஏற்றுபவர். இரவானால் முதுகில் தைலம் தேய்க்காமல் அவரால் படுக்க முடியாது.

"ஒனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. கம்பெனியில லோடு ஏத்த ஆள் கேக்காக. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் சொல்லலேன்னா, சனிக்கிழமை என்கூட வேன்ல ஏறு," என்றார்.

"எதுனாலும் சரிப்பா," என்றான் முனியராஜ். கண்ணை மூடியபடியே, "வேன் வருது. இன்னைக்கும் பெல்ட் கத்துது, மாத்தச் சொல்லுங்க," என்றான்.

வேன் இன்னும் தெருமுனைக்கே வரவில்லை.

"படுத்துக்கிட்டே வேனுக்கு ஜோசியம் சொல்லுதான் பாரு," என்று முனகிக்கொண்டே அப்பா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா வள்ளித்தாயும் அதே வேனில்தான் வேலைக்குப் போக வேண்டும். வாசலில் செருப்பை மாட்டும்போது இசைவாணியிடம் மெதுவாகக் கேட்டார். "அவனுக்கு என்னதான் பிடிக்கும்? ஒனக்காச்சும் தெரியுமாத்தா? அப்பா முதுகு மாதிரி இவன் முதுகும் ஆயிரக் கூடாது."

இசைவாணிக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியவில்லையே என்று அதற்கும் ஓர் எரிச்சல் வந்தது.

அன்று திங்கட்கிழமை. பள்ளியில் அனுப்பிரியா டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். "ஆளுக்கு ஒரு செயலி வடிவமைக்கணும். கம்ப்யூட்டர் வேண்டாம், தாள் போதும். எந்தத் திரைக்கு அப்புறம் எந்தத் திரை வரும், எதை அழுத்தினா என்ன ஆகும்னு வரைஞ்சு, பத்துப் பேர்கிட்டக் காட்டி சரிபார்த்து, வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க."

இசைவாணி யோசிக்கவே இல்லை. செயலியின் பெயர் 'எனக்கேற்ற வேலை'. கேள்விகளுக்குப் பதில் சொன்னால், உங்கள் மனசுக்குப் பிடித்த தொழில் எது என்று அது சொல்லிவிடும். முதலில் அண்ணனுக்குச் சொல்லட்டும். மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலி மத்தாப்புப் பெட்டியில் சன்னல் போல வெட்டினாள். அதுதான் ஃபோன். தாளுக்கு, காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கற்பகவல்லி சித்தியிடம் போனாள். விற்காமல் கிடந்த போன வருடத்துத் தினசரிக் காலண்டர் ஒன்றைச் சித்தி தூக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தாளின் வெள்ளைப் பக்கத்திலும் ஒரு திரை வரைந்தாள். பதிலைத் தொட்டால் தாளை உருவ வேண்டும், அடுத்த திரை வரும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆட்களோடு பேசிக்கொண்டே செய்யும் வேலை பிடிக்குமா? ஆம், இல்லை. ஏதாச்சும் ஒண்ணத் தொடு."

முனியராஜ் இரண்டு விரலால் இரண்டையும் தொட்டான்.

"ஒண்ணுதான் தொடணும்ணே."

"நடுவுல 'எதுனாலும் சரி'ன்னு ஒரு பட்டன் வையி."

"அப்பிடிப் பட்டன் எந்தச் செயலியிலயும் கிடையாது."

"அப்ப இது நல்ல செயலி இல்ல," என்று சொல்லிவிட்டு அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டாள். 'மற்றவர்களிடம் சோதிப்போம். அவர்களுக்கு வேலை செய்தால் இவனுக்கும் செய்யும்' என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். இருபது பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். முதலில் வீரலட்சுமி அத்தையிடம் பெட்டியை நீட்டினாள்.

"அத்தை, ஒங்களுக்கு எந்த வேலை பிடிக்கும்?"

"எந்தக் கம்பெனியிலத்தா?"

"கம்பெனி இல்ல அத்தை. பொதுவா."

"என் மகன் போலீசு ஆகணும்."

"ஒங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன்."

"அதான் சொல்லுதேன். எனக்கு அவன் போலீசு ஆகணும்."

பக்கத்தில் நின்ற மாரிச்செல்வி அக்கா சிரித்தாள். "அத்தையே போலீசுதான். போன வாரம் ஒரு பெட்டியில ஒத்தை மத்தாப்பு கொறஞ்சிருந்துச்சு. கையில தூக்கிப் பார்த்தே சொல்லிட்டாக."

"குறுக்க பேசாதீகக்கா. அவங்கவங்க பதில் அவங்கவங்கதான் சொல்லணும்," என்று இசைவாணி கடுகடுத்தாள்.

மாரிச்செல்வி தன் முறை வந்ததும் கேள்வியைப் படிக்கவே இல்லை. தாளை உருவி, திருப்பிப் பார்த்தாள்.

"இங்கன என்னமோ போட்டிருக்கே. துலாம், உயர்வு. ஏ, நான் துலாம்தான்."

"அது காலண்டர்க்கா. போன வருசத்துது."

"போன வருசமும் நான் துலாம்தானத்தா."

அவ்வளவுதான். "எனக்கு ரிஷபம், பாரு." "மேஷத்துக்கு என்ன போட்டிருக்கு?" என்று ஆளாளுக்குத் தாளை உருவினார்கள். செலவு என்று வந்த ஒருவர், "இது வேண்டாம், வேற தாளு குடு," என்று சண்டைக்கு வந்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேன் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, இசைவாணி சிதறிய தாள்களை ரோட்டில் பொறுக்கினாள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தால் வீட்டு வாசலில் ஆறு பேர். இசைவாணியின் பெட்டி பலன் சொல்கிறது என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. முதல் ஆளாக நின்றது கற்பகவல்லி சித்தி.

"சித்தி, இந்தத் தாளக் குடுத்ததே நீங்கதான?"

"அங்கன படிக்க எங்க நேரம்? பத்தாயிரம் காலண்டர் தச்சேன், என் ராசிக்கு ஒரு நாள் பலனாச்சும் பார்த்திருப்பேனா? கன்னிக்கு எடு."

கன்னிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், அண்ணன் கையில் ஒரு தாள்.

"கும்பம், ஓய்வு," என்று அவன் படித்தான். "ஒன் செயலி நல்லாத்தான் வேலை செய்யுது." அப்படியே அந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டான்.

பாவம், அழுகையே வந்துவிட்டது இசைவாணிக்கு. அவனை எழுப்பத்தானே செயலி செய்தாள். அது அவனை நன்றாகப் படுக்க வைத்துவிட்டது. இன்னும் இரண்டே நாள்.

மைதா மாவைக் கரைத்துப் பசை கிண்டினாள். ராசிபலன் உள்ளே போகும்படி தாள்களை முதுகோடு முதுகு வைத்து, பளார் பளாரென்று அறைந்து ஒட்டினாள்.

"ஒழுங்கா ஒரு பதில் சொன்னா என்ன? எனக்கு இது பிடிக்கும்னு சொல்ல வாய் வலிக்குதா? அடுத்தவங்கள பத்தின்னா மட்டும் குறுக்க விழுந்து..."

அவள் கை அப்படியே நின்றது.

வீரலட்சுமி அத்தையால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஆனால் மாரிச்செல்வி அக்கா, அத்தையைப் பற்றிக் கேட்காமலே சொன்னாளே. அந்தப் பதிலை வேண்டாம் என்று விரட்டியது யார்?

"நாந்தான்," என்றாள் இசைவாணி. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

எல்லாக் கேள்விகளையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதினாள்: 'உங்கள் பக்கத்தில் நிற்பவரை நீங்கள் எதற்குக் கூப்பிடுவீர்கள்?'

வியாழக்கிழமை காலையில் தாள்கள் சரியாகக் காயாமல் அப்பளம் போல நெளிந்திருந்தன. அவற்றை அழுத்திப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

"இன்னைக்கு மேஷத்துக்கு..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"மேஷம் லீவு," என்றாள் இசைவாணி. "அத்தை, மாரிச்செல்வி அக்காவ நீங்க எதுக்குக் கூப்பிடுவீக?"

வீரலட்சுமி அத்தை யோசிக்கவே இல்லை. "சண்டைக்குத்தான். அடிக்க இல்லத்தா, தீக்க. எங்க வீட்டுல முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா இவளக் கூப்பிடுவேன். ரெண்டு பக்கமும் சிரிக்க வச்சுட்டுப் போயிருவா."

"நானா?" என்றாள் மாரிச்செல்வி.

"செல்லச்சாமிய எதுக்குக் கூப்பிடுவோம்?" என்று ஒருவர் தானாகவே ஆரம்பித்தார். "கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி அவர் கையிலதான். கடைசி ஆளு வரைக்கும் சாம்பார் காணும், கொறையாது."

அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு நிமிர்ந்து நின்றார்.

எல்லோர் பதிலையும் தாள்களில் எழுத எழுத இசைவாணியின் கை வலித்தது. கடைசியாக, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "எங்க அண்ணன எதுக்குக் கூப்பிடுவீக?"

"தூங்குறவன எதுக்குத்தா கூப்பிட?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இசைவாணியின் முகம் விழுந்துவிட்டது.

அதற்குள் வந்து நின்றிருந்த வேனின் டிரைவர் சீட்டிலிருந்து பாண்டிமுருகன் தலையை நீட்டினார். "நான் கூப்பிட்டிருக்கேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன தீபாவளி சீசன்ல நடு ரோட்டுல வண்டி நின்னு போச்சுல்ல? அவனுக்குத்தான் ஃபோன் போட்டேன். 'ஃபோன இன்ஜின் பக்கத்துல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே'ன்னான். கேட்டுட்டு, டீசல் குழாயில காத்து அடைச்சிருக்குன்னான். அதேதான்."

"எங்க கிரைண்டர் கல்லு ஆடுதுன்னு, வாசலோட நடந்து போகும்போதே சொன்னானே," என்றார் வீரலட்சுமி அத்தை.

"என் ஸ்கூட்டிக்கும் அவன்தான்," என்றாள் மாரிச்செல்வி. "நான் தெருமுனை திரும்பும்போதே, 'அக்கா, செயினுக்கு எண்ணெய் விடுங்க'ன்னான். வண்டிக்குச் செயின் கிடையாதுலேன்னேன். அப்ப ஸ்டாண்டுக்கு விடுங்கன்னான். விட்டேன், சத்தம் போயிருச்சு."

அப்பா மெதுவாகக் கேட்டார். "பெல்ட் கத்துதுன்னு தெனமும் சொல்லுவானே. நெசமாவா?"

"நேத்துக் கழட்டிப் பார்த்தேன்," என்றார் பாண்டிமுருகன். "ஒத்தை நூல்ல நின்னுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எல்லாரும் நடந்துதான் போயிருக்கணும்."

அப்பா வேனில் ஏறினார். அம்மா இசைவாணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினார். வேன் நகரும்போது அப்பா சன்னல் வழியாகக் குனிந்தார். "ஏத்தா, அந்தத் தாளுகள அவன்கிட்டக் காட்டு."

அண்ணனைப் பற்றிச் சொன்னதையும் எழுதி முடித்துக்கொண்டு இசைவாணி ஓடினாள். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

"பெல்ட் மாத்திட்டாங்க போல," என்றான்.

நீ இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பெட்டியை அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பையை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

தாள் உருவும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு உருவிய தாளையே மறுபடி எடுக்கும் சத்தம்.

"கிரைண்டர் விசயம் அத்தைக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இதெல்லாம் ஒரு வேலையா? சும்மா காதுல விழுந்தது."

"எனக்கு விழலையே," என்றாள் இசைவாணி. "எனக்கு வேன் சத்தம் வேன் சத்தமாத்தான் கேக்குது."

அவள் பையோடு திரும்பி வந்தபோது, சுருட்டிய பாய் மூலையில் நின்றது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அனுப்பிரியா டீச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது ஆள்கிட்டக் கேக்காம பக்கத்து ஆள்கிட்டக் கேக்குதே?"

"ஆமா டீச்சர். தன்னப் பத்திக் கேட்டா யாரும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துருச்சு."

டீச்சர் சிரித்தார். ஒரு தாளின் ஓரம் ஒட்டாமல் பிரிந்திருந்தது. அதை மெல்ல உரித்து, "இது என்ன, மகரத்துக்கு..." என்று கண்ணைச் சுருக்கினார்.

இசைவாணி பெட்டியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம், விண்ணப்பம் போடும் பிரவுசிங் சென்டரில் நல்ல கூட்டம். முனியராஜ், அப்பா, இசைவாணி மூவரும் வரிசையில் நின்று உள்ளே போனார்கள்.

"முதல் விருப்பம்?" என்று கேட்டார் கம்ப்யூட்டரில் இருந்தவர்.

"மோட்டார் மெக்கானிக்," என்றான் முனியராஜ். குரல் தெளிவாக இருந்தது. அப்பா அவன் தோளில் கை வைத்தார்.

"லோடு வேலைக்கு வேற ஆளப் பார்க்கச் சொல்லிருதேன்," என்றார்.

"ரெண்டாவது விருப்பம்?"

"எதுனாலும் ச..."

இசைவாணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நீங்கள் அந்தப் பார்வையைப் பார்த்திருக்க வேண்டும், கண்ணுகளா.

"டீசல் மெக்கானிக்," என்றான் முனியராஜ் அவசரமாக. "ஒங்க கம்ப்யூட்டர் ஃபேன் உரசுதுண்ணே. தூசி தட்டுங்க."

கதை முடிந்தது. உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் சோறு பொங்கட்டும். கிரைண்டர் சத்தமில்லாமல் ஓடட்டும். வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் பொழுதோடு முழுசாக வீடு திரும்பட்டும். உங்களை எதற்குக் கூப்பிடலாம் என்று தெரிந்தவர் ஒருவராவது, எந்நாளும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.