ஏழாம் நம்பரைக் காணோம்!

டெலிபோன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் மாரிசெல்வி வடையைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... ஏழாம் நம்பரை யாரோ கடத்திட்டாங்க..."

"அழாம சொல்லுங்க. வயசு?"

"நாலு மாசம்."

மாரிசெல்வி எழுந்தே விட்டாள். "கைக்குழந்தையா?"

"எலி."

பத்தே நிமிடம். ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நின்றாள். ஆராய்ச்சி மாணவி ஷெரின் மூக்கை உறிஞ்சினாள். கூண்டு கழுவும் பொன்னுராஜ் தன் காக்கிச் சட்டையின் நுனியைப் பிசைந்தார்.

"கூண்டுல எலி இருக்கே?"

"இது வேற எலி மேடம். காலைல ஆண் எலிய உள்ள விட்டேன். உடனே இணங்கிருச்சு."

"அது அவ இஷ்டம்."

"என் ஏழாம் நம்பர் இணங்காது. எம்புட்டு ஹார்மோன் ஊசி போட்டாலும், மூளையில அதை வாங்கிக்கிற ரிசப்டரை நான் முடக்கி வச்சிருக்கேன். கிட்ட வர்ற ஆணைக் கடிச்சிரும். நாளைக்குத் தேர்வாளர் வாராங்க. அவ இல்லன்னா என் நாலு வருஷ உழைப்பு போச்சு."

மாற்றி வைத்த எலியை எங்கோ வாங்கியிருக்க வேண்டும்; பக்கத்தில் வெள்ளெலி விற்கும் ஒரே கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. ஜீப் பறந்தது.

கடைக்காரர் நவாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"காக்கிச் சட்டை, வழுக்கைத் தலை. ஞாயித்துக்கிழம பொட்டை எலி வாங்குனாரு. மறுநா ஆண் எலி. நேத்து வந்து, மாப்பிள்ளைய மாத்திக் குடுங்கன்னு ஒரே சண்ட. இந்தா பாருங்க."

மாப்பிள்ளைக்கு இடது காதில் பாதியைக் காணோம்.

மாரிசெல்வி சிரித்துக்கொண்டே ராஜபாளையம் திரும்பினாள்.

"பொன்னுராஜ்... மாப்பிள்ளையோட மிச்சக் காது எங்க?"

பொன்னுராஜின் வழுக்கையில் வியர்வை அரும்பியது.

"அவ என் வீட்டுல சௌக்கியமா இருக்கா மேடம். நான் கடத்தல. ஒரு கொலைய தடுத்தேன்."

"கொலையா? யாரு கொலைகாரன்?"

அவர் விரல் ஷெரினைக் காட்டியது!

"நாளைக்கு இவியதான் அவ மூளைய வெட்டி ஸ்லைடு போடப் போறாவ. கண்ணு தொறக்காத நாள்லயிருந்து நான் வளத்த புள்ள. சாகுறவளுக்குப் பதிலா வேறொருத்திய வச்சேன். ஒரு குடும்பம் அமையட்டுமேன்னு மாப்பிள்ளையும் பாத்தேன்."

ஷெரின் தலை குனிந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மத்த எலிகளோட ஸ்லைடு போதும்ணே. ஏழாம் நம்பர் கடிச்சுக் காட்டுனா சரி. சோதனை முடிஞ்சதும் அவள நீங்களே கொண்டு போங்க."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மேல கேஸ் உண்டா மேடம்?"

மாரிசெல்வி தொப்பியை மாட்டினாள்.

"மாப்பிள்ளை புகார் குடுத்தா எழுதுவேன். அவர வலது பக்கமா நின்னு கூப்பிடுங்க... இடது பக்கம் கேக்காது."