அவள் ஊதிய மூச்சு

கொக்கியில் தொங்கிய மிதவைச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் அந்த ஐந்து கொக்கிகளும் காலியாகத்தான் இருந்தன. விமானத்தளத்தின் தையல்காரியான அவளே ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஒவ்வொருவருக்காகவும் கடவுளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். எதிரியின் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் ரோந்து போன விமானம் முந்தாநாள் திரும்பி வரவில்லை. உள்ளே ஐந்து பேர். அவர்களில் வயர்லெஸ்காரன் அவளுடைய தம்பி.

சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கடல் காற்றில் கழுத்து உராயக்கூடாதென்று எல்லாருக்கும் மெத்தென்ற துணி வைத்து, ஆள் தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நூலோட்டியிருந்தாள். இது சிவப்பு. விமானியுடையது.

ஸ்டோர்காரர் தேநீரோடு உள்ளே வந்தார். தரையையே பார்த்தபடி தம்ளரை நீட்டினார்.

"குடிம்மா, ஆறிடப் போகுது. விமானியோட உடல கரைக்குக் கொண்டு வந்துட்டாங்க. பாவம், மேல மிதவைச் சட்டையே இல்ல."

அவள் கொக்கியில் தொங்கிய சிவப்பு நூல் சட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தவங்க ரப்பர் படகுல இருப்பாங்க. உன் வாத்து கெட்டிக்காரன், பயப்படாத" என்றார்.

வாத்து என்பது தம்பிக்கு அவள் வைத்த பெயர். நீந்தத் தெரியாதவனுக்குக் கடல்மேல் வேலை என்று கேலி செய்தே வைத்தாள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எல்லாச் சட்டைகளையும் அவள்தான் வாயால் ஊதுவாள். பிறகு காற்றை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும் என்பது விதி. "என் சட்டைல மட்டும் ரெண்டு மூச்சு விட்டு வை, அக்கா. தண்ணில விழுந்தா ஊதுறதுக்கு எனக்கு ஏது மூச்சு?" என்பான். "போடா, பயந்தாங்கொள்ளி" என்று திட்டிக்கொண்டே விட்டு வைப்பாள்.

ஸ்டோர்காரர் போய்விட்டார். கடலிலிருந்து எழுந்த மழை பகலை மெல்ல மூட, தகரக் கூரையில் அது இரைந்த இரைச்சலுக்குள்ளும் சிமெண்டுத் தரையில் சொட்டு விழும் ஓசை தனியாகக் கேட்டது. பாசியும் எஞ்சின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, தைத்து முடித்த துணிகளின் மேலெல்லாம் படிந்தது. அவள் திரும்பவில்லை. சொட்டும் ஓசை இரண்டானது. கொஞ்ச நேரத்தில் மூன்று.

திரும்பினாள். பச்சை நூல். நீல நூல். ஒரு சட்டை திரும்பினால் ஒருவன் போய்விட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவர்களுடைய அம்மாக்களை நினைத்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே நான்காவது கொக்கி கிறீச்சிட்டது. வெள்ளை நூல்.

ஐந்தாவது காலி.

ஓடிப்போய் அந்தக் கொக்கியை இரண்டு கைகளாலும் பொத்தினாள். இங்கே எதுவும் மாட்ட முடியாது. விடமாட்டேன்.

"கடவுளே, இவன மட்டும். இவன மட்டும் விட்டுடு."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். மற்ற நாலு பேரும் யார் பெற்ற பிள்ளைகளோ.

உள்ளங்கை நனைந்தது.

பிறகு கனம்.

விரல்களில் மஞ்சள் நூல் உரசியது. மற்றவை போல அது தட்டையாக இல்லை. உள்ளே கொஞ்சம் காற்று இருந்தது. அவளுடைய காற்று. அது மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. இந்தமுறை குறைவாக. இன்னும் குறைவாக.

"வாத்து?"

ஊதும் குழாயை வாயில் வைத்தாள். உப்பு. ஊதினாள்.

சட்டை நிமிர்ந்தது. குழாய்க்குள்ளிருந்து ஒரு மூச்சு திரும்பி வந்தது. ஐஸ் போல. சின்ன வயதில் காய்ச்சலில் அவள் மடியில் படுத்திருந்தவன் விட்ட மூச்சுப் போலவே, நடுவில் ஒரு விக்கலோடு.

ஊதினாள். அவன் இழுத்துக்கொண்டான். நிறுத்தினால் மூழ்குவான். ஊதினாள். மார்பு எரிந்தது. கண் இருண்டது.

வாசலில் ஸ்டோர்காரரின் குரல். "அம்மா? யாரும்மா உள்ள?"

வாயை எடுக்க முடியாது. ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். வராதீங்க.

பக்கத்தில் ஏதோ அசைந்தது.

தட்டையாக நனைந்து தொங்கிய மற்ற நான்கு சட்டைகளிலும், ஊதும் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கி, அவள் வாயை நோக்கித் திரும்பின. காத்திருந்தன.