முகவரிக்கு இடமில்லை

செவ்வாயில் யாரும் சுவரில் இருக்கும் மூச்சுமானியைப் பார்க்காமல் பல் துலக்குவதில்லை. அன்றைக்கு எத்தனை மணி நேரக் காற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். மேல்தளத்தில் காற்று மிஞ்சும். பாதாளத் தளங்களில் மிஞ்சாது. மிஞ்சியதைக் கேட்டு வாங்கிக் கீழே அனுப்பும் ‘மூச்சறம்’ என்ற தொண்டு நிறுவனத்தில் திலகவதிக்கு வேலை. மின்மடல்களை வீட்டு எந்திரங்களே அழித்துவிடுவதால், ஆதரவாளர்களுக்கு வேண்டுகோள் காகிதத்தில்தான் போகும். உறைமேல் ஒட்ட, பட்டியலிலிருந்து மூன்று வரி முகவரிச் சீட்டு.

அச்சடிக்கும் எந்திரன் எழினி பாதியில் நின்றது.

“அம்மா, ‘செம்மண் செம்மல், குவிமாடக் காவலர், முனைவர் ஆனைமுத்து, மேனாள் துணைத்தலைவர்.’ மூணு வரியும் தீந்துபோச்சு. வீட்டு எண்ணுக்கு இடமில்ல.”

“பட்டத்தை வெட்டு.”

“போன வருஷம் வெட்டினோம். நாற்பத்தோரு பேர் காற்றை நிறுத்திட்டாங்க. முனைவர் விட்டுப்போச்சுன்னு இவர் நேர்லயே வந்து அழுதார்.”

அப்போது ஒன்பதாம் பாதாளத்திலிருந்து தம்பி செங்குட்டுவன் அழைத்தான்.

“அக்கா, நாளன்னிக்கோட மானியில பூஜ்யம். பாப்பாவைப் பேசவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். பேசினா மூச்சு செலவாகுதில்ல.”

திலகவதி பாதியில் நின்ற சீட்டைக் கிழித்தெடுத்தாள்.

“முகவரியை வெட்டு,” என்றாள் எழினியிடம். “சீட்டைக் காலி சிலிண்டர்ல ஒட்டு. எல்லாத்தையும் கடைவீதி வாசல்ல வரிசையா நிறுத்து.”

மதியத்துக்குள் மேல்தளமே அங்கே கூடிவிட்டது. தன் பட்டங்களுக்குக் கீழே சிலிண்டர் காலியாக நிற்பதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பத்து மணி நேரக் காற்று நிரப்பினால் இவர் பன்னிரண்டு நிரப்பினார். ஆனைமுத்து மட்டும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நிரப்பறேம்மா. ஆனா கீழ இருக்கறவங்க இதைப் படிப்பாங்கன்னு என்ன நிச்சயம்?”

“ஆமா, அதானே!” என்று வரிசை முழுவதும் குழாய்களை இறக்கியது.

திலகவதி வாசலிலிருந்த மூச்சுமானியைப் பார்த்தாள். பிறகு எழினியைப் பார்த்துத் தலையசைத்தாள். அது ஒவ்வொரு சிலிண்டரிலும் குரல்பூட்டு பொருத்தியது: சீட்டில் இருப்பதை யாராவது உரக்கப் படித்தால்தான் மூடி திறக்கும். சாயங்காலத்துக்குள் சிலிண்டர்கள் நிரம்பிக் கீழே போயின. வேண்டுகோள் கடிதங்கள் கட்டு பிரியாமல் அலுவலகத்திலேயே கிடந்தன.

மறுநாள் காலை அவளே தம்பியை அழைத்தாள்.

“காற்று வந்துச்சாடா?”

“வந்துச்சுக்கா. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் படிக்கறப்ப பாதியிலயே மூச்சு வாங்குது. பாப்பாதான் படிக்கறா. ஒரு சிலிண்டரைத் திறக்கறதுக்குள்ள ஒரு மணி நேரக் காற்று போயிடுது.”

அவனுக்குப் பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. திணறித் திணறி, ஆனால் உரக்க: “செம்மண்… செம்மல்… குவிமாடக்… காவலர்… ஆனைமுத்து…”

சிலிண்டரின் குரல்பூட்டு கனிவாகப் பேசியது.

“முனைவர் விட்டுப்போச்சு. முதல்லேர்ந்து படிங்க.”