கம்பிக் கொக்கின் கால்நடை

"ஏங்க... அது என் குடை!"

குரல் கேட்டுத் திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவள் கையில் குறடு. காலடியில் கறுப்புத் துணி. மடியில் பிய்த்தெடுத்த எட்டுக் கம்பிகள்... பழைய இரும்புக் கடையின் தகரக் கூரையில் மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது.

"இதுவா? குப்பையில கிடந்துச்சே!"

"கிடக்கலைங்க. சாய்ச்சு வெச்சிருந்தேன். கடை நாய்க்குக் கட்டுப் போட்டுட்டு வர்றதுக்குள்ள..."

"இரும்புக் கடையில யாராவது குடையைச் சாய்ச்சு வெப்பாங்களா? கொஞ்சமாவது யோசிக்க வேணாம்?"

தப்பு தன்னுடையது என்று தெரியத் தெரிய அவளுக்குக் கோபம்தான் ஏறியது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் நெற்றியில் ஒட்டிய ஈர முடி... திட்டு வாங்கியும் சிரிக்கிற கண்கள். மழை கழுவிவிட்ட இலை போல என்ன ஒரு பளபளப்பு... சே! கண்ணா இப்போ முக்கியம்?

"கம்பி எதுக்குங்க?"

"கொக்குக்கு றெக்கை செய்ய."

"கொக்குக்கா? நான் கால்நடை டாக்டர்தான். கொக்குக்கு என்ன ஆச்சு?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. வீடு அடுத்த தெருவில்தான். வேறு குடை கொடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்று அவனைக் கூட்டிப் போனாள்.

கார் நிறுத்தும் கொட்டகைதான் அவள் பட்டறை. நடுவில் இடுப்புயரத்துக்கு நின்றது கொக்கு. நாற்காலிக் கால்கள், சைக்கிள் செயின், சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில்... முதுகுச் சாவியை முறுக்கிவிட்டால் அது றெக்கை விரித்து நடக்க வேண்டும். நூலகக் கூடத்தில் வைக்கக் கேட்டிருந்தார்கள். ஊரே பார்க்கப்போகும் அவளுடைய முதல் வேலை. இன்னும் மூன்றே நாள். கொக்கோ மூன்றாவது அடியில் குப்புற விழுந்துகொண்டிருந்தது.

அவன் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்தான். தொண்டையைச் செருமினான்.

"முட்டி தப்பா இருக்குங்க."

"என்னது?"

"நாம முட்டின்னு நினைக்கிறது கொக்குக்குக் கணுக்கால். நம்ம முட்டி மாதிரி அது முன்னால துருத்தாது, பின்னாலதான் துருத்தும்."

"நாலு வருஷமா இதைத்தான் செய்யறேன் சார்! நான் வந்து உங்களுக்கு ஊசி போடச் சொல்லித் தர்றேனா? குடை அந்த மூலையில இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

அவன் கிளம்பினான். குடையை எடுக்காமலே... கொட்டும் மழையில்.

'ரோஷத்தைப் பார்!' என்று பல்லைக் கடித்தாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டும் நின்றாள்.

அடுத்த இரண்டு நாளில் கொக்கு பதினோரு தடவை விழுந்தது. பன்னிரண்டாவது தடவை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அந்த டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சு பாரேன்டி."

"மாடு பார்க்கிறவருக்கு மெஷினைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"கால்நடை டாக்டர்டி! கால் எப்படி நடக்கும்னு அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூட்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். சாவியை முறுக்கினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு! டக், டக் என்று கொட்டகையைக் கடந்து போய்ச் சுவரில் அலகை முட்டி நின்றது கொக்கு. அக்கா கைதட்டினாள். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவன் சொன்னதா சரி? போயும் போயும் அவன்!

மறுநாள் காலை அவனுடைய மருத்துவமனையில், பூனைக்கூடையோடு வந்த ஓர் அம்மாவுக்கும் இருமுகிற ஆட்டுக்கும் நடுவே காத்திருந்தாள். அவன் வெளியே வந்தான்.

"கொக்கு நடக்குது," என்றாள் வெடுக்கென்று. "நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்குக் கத்தினது என் தப்பு. வர்றேன்."

"நில்லுங்க... தப்பு என்மேலயும் இருக்கு. அன்னிக்கு உள்ள வந்ததும் அசந்து போயிட்டேன். குப்பையில இருந்து இப்படி ஒரு உயிரான்னு... என்ன பேசறதுன்னே தெரியல. எனக்குத் தெரிஞ்சது முட்டி ஒண்ணுதான். அதைப் போய்ச் சொல்லித் தொலைச்சேன்."

அவளுக்குள் எதுவோ இளகியது. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? ரெண்டு நாளா உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கேன். திருகு முடுக்கும்போது, சாப்பிடும்போது, தலை வாரும்போது... வேற நினைப்பே ஓட மாட்டேங்குது. எனக்கு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா? சிரிக்காதீங்க!"

அவன் சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் முதல்முறையாகத் தடுமாறின.

"எனக்கும்தான்," என்றான் மெதுவாக. "நீங்க வெளிய போகச் சொன்னப்பவே..."

"டாக்டர், அடுத்து எங்க பூனை," என்றாள் அந்த அம்மா.

"ரெண்டு நிமிஷம் பொறுங்கம்மா," என்றாள் அவள், அவனிடமிருந்து பார்வையை எடுக்காமல். "இவர் இன்னும் முடிக்கலை."